ராகி உறுமட்டும்

கண்ணு,

திங்கட்கிழமை ராகியை உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கூட்டிப் போகாதே. சுகமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம். இதை முதல் வரியில் எழுதாவிட்டால் கடைசி வரை எழுதாமல் சுற்றி வளைத்துக்கொண்டே இருப்பேன் என்று எனக்கே தெரியும். உன் அம்மா மாதா கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதி முடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். ராகி வாசல்படியில் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் பேனாவை மூடித் திறந்தால்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். முன்பெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள், இப்போது என் கையைத்தான் பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, அவளைப் பார்த்தும், உன்னை நினைத்தும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எடுத்தவுடன் "ராகி என்னப்பா பண்றா?" என்று சந்தோஷமாகக் கேட்டாய், என் வாய் தானாகவே "தங்கமா இருக்கா" என்றது. பொய் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று உன்னை மிரட்டி வளர்த்தவன் நான். கோயில் சாமியாரிடம் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்வதுகூட எனக்குக் கஷ்டமாக இல்லை. அவர் கேட்டுக்கொண்டு ஜெபம் சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கலாம். உன்னிடம் சொன்னால் நீ திட்டுவாயோ என்று எனக்குப் பயமில்லை. ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிடுவாயோ என்றுதான் பயம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நீ சென்னைக்குப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று ராகியின் கயிற்றை என் கையில் கொடுத்தாய். சிப்காட் டீக்கடையில் பிஸ்கட் போட்டுப் போட்டு நீ பழக்கிக் கூட்டி வந்த தெருநாய். முதல் நாள் அவள் நிறத்தைப் பார்த்துவிட்டு, "இது நாயா, இல்ல ராகிக் களி உருண்டைக்குக் கால் முளைச்சிருக்குதா?" என்று நான்தான் கேலி செய்தேன், அதிலேயே பெயரும் வந்துவிட்டது. அவளை நீ வேலை பார்க்கிற சிறப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேலிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு வேலை பார்த்ததும், யாரையும் தொடவிடாத, தொட்டால் தன் கையையே கடித்துக்கொள்கிற அந்தச் சிறுமி வேலிக் கம்பியோரமாக வந்து ராகியின் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டதும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து பேசிய மாதிரி அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை. முறையாகப் பழக்கி, தெரிந்தவர்கள் பரிசோதித்துச் சரி என்று சொன்னால் பள்ளிக்குள் கூட்டி வரலாம் என்று உங்கள் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அந்தப் பழக்குகிற வேலையைத்தான் பாதியில் என்னிடம் விட்டுப் போனாய்.

நீ சொல்லிக்கொடுத்தபடிதான் ஆரம்பித்தேன். தினமும் காது, பாதம், வால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, தொட்டதும் ஒரு துண்டு கோழிக்கறி. எவர்சில்வர் தட்டைத் தூரத்தில் போட்டு, பிறகு கொஞ்சம் கிட்டத்தில் போட்டு. "வித்தை காட்டறது இல்லப்பா இது. எது வந்தாலும் பரவால்லன்னு அவளுக்கே தோணணும், அவ்ளோதான்" என்று சொன்னாய். கோயிலில் சும்மா கிடந்த பழைய சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்து, உன் அம்மாவை அதில் உட்கார வைத்துத் தெருவில் தள்ளினேன், ராகி கூடவே நடந்தாள். எதிர்வீட்டு லட்சுமக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏமன்னா, நாயைப் பழக்கறியா இல்ல சம்சாரத்தைப் பழக்கறியா?" என்று சிரித்தாள். உன் அம்மாவுக்கு வெட்கம், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நல்ல நாட்கள் அவை. அப்படியே போயிருக்கலாம்.

பரிசோதிக்கிற மேடம் அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து வந்தார். கடைசிப் பரிசோதனைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நீதான் ஏற்பாடு செய்திருந்தாய். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தட்டு விழுந்தது, ஊன்றுகோல் ஊன்றியபடி ஒருவர் நடந்தார், ராகி கொட்டாவி விட்டாள். கடைசியாக மேடத்துடன் வந்திருந்த பெண், பிள்ளைகள் செய்வார்களே அதுபோல, பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ராகி உறுமினாள். பெரிதாக ஒன்றுமில்லை, தொண்டைக்குள் கொஞ்சம். மேடம் உடனே கையை எடுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒள்ளேது சார், நல்லது. உறுமறது தப்பு இல்ல. எனக்கு இது பிடிக்கலன்னு மரியாதையா சொல்லுது. ஏன் பிடிக்கலன்னு பாருங்க, மெல்லப் பழக்குங்க. இப்ப மட்டும் பாஸ் பண்ண முடியாது, அப்புறம் பாக்கலாம்" என்றார். இத்தனை சொன்னாரா? என் காதில் ஒரே ஒரு வார்த்தை மட்டும்தான் விழுந்தது. பாஸ் இல்லை.

காலமெல்லாம் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் நின்றவனுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். ரிஜெக்‌ஷன். சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனிப் பெட்டியில் போட வேண்டியது. ஆனால் எனக்கு ராகியைப் பற்றி மட்டும் பயம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நீ கம்பெனி வேலையை விட்டதிலிருந்து உன்னைப் பற்றி எனக்கு ஒரு பயம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் யாராவது "பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டால், "ஸ்கூல்ல" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவேன். இந்த நாய் பாஸ் ஆகிவிட்டால், பேப்பரில் ஒரு படம் வந்துவிட்டால், உன் வழி சரிதான் என்று நாலு பேர் சொல்வார்கள், எனக்கும் தூக்கம் வரும் என்று எப்படியோ மனதில் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். அந்தக் கணக்கை ஒரு சின்ன உறுமல் கெடுப்பதா என்று ஆத்திரம்.

அன்றிலிருந்து அவள் உறுமினால் விடமாட்டேன். செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள உன் அம்மாவைக் கூப்பிடுவேன். தொண்டையில் சத்தம் கிளம்பினால் பேப்பரால் தரையில் ஓங்கி ஒரு அறை, கழுத்துப் பட்டையில் ஒரு சுண்டு, "ஏய்!" என்று ஒரு அதட்டல். தரையில்தான் அடிக்கிறேன், நாயை அடிக்கவில்லையே என்று உன் அம்மாவுக்குச் சமாதானம் வேறு. அவள் "வேணாங்க, அது என்னத்தையோ சொல்லுதுங்க" என்றாள். "சொல்லக் கூடாதுன்னுதான் பழக்கறேன்" என்றேன். கோழிக்கறியை நிறுத்திவிட்டேன், லஞ்சம் கொடுத்துப் பழக்கினால் நிற்காது என்று என் சொந்த ஞானம். இரண்டொரு நாளில் இதெல்லாம்கூடத் தேவைப்படாமல், அவள் பேப்பரைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்றாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் ராகி உறுமுவதை விட்டுவிட்டாள். யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், வாலைப் பிடிக்கலாம், பாதத்தைத் திருப்பலாம். கல்லாட்டம் நின்றாள். தெருவே வந்து பார்த்தது. உனக்கு வீடியோ எடுத்து அனுப்பினேனே, அதில் என் குரலைக் கேட்டாயா? என்ன பெருமை!

அந்த வீடியோவை இப்போது திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். முடிந்தால் நீயும் பார். உன் அம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது ராகியின் வாய் இறுக மூடியிருக்கிறது. கண் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறாள். அன்றைக்கு நான் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தேன். பயத்தைப் பொறுமை என்று எண்ணிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் சிரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியில் என்னை எல்லோரும் பஸ்ஸர் சார் என்று கூப்பிடுவார்கள், உனக்கே தெரியும். பிரஸ்ஸுக்குள் கை நீண்டால் மிஷின் நின்று பஸ்ஸர் அலறும். உற்பத்தி குறைகிறது என்று பசங்கள் பஸ்ஸர் வாயில் பஞ்சை அடைப்பார்கள், சென்சார் ஒயரைப் பிடுங்கி வேறு எங்கோ முறுக்கிவிடுவார்கள். ஒயரில் கை வைத்தவன் என் ஷிப்ட்டில் நிற்கக் கூடாது என்று கத்துவேன். ஒருமுறை பெரிய அதிகாரியே வந்து, "இந்தச் சத்தம் இல்லாம கொஞ்சம் ஓட்ட முடியாதாய்யா?" என்று கேட்டபோது, "சத்தம் போடற மிஷின்கிட்ட எனக்குப் பயமில்ல சார், சத்தம் போடாததுகிட்டதான் பயம்" என்று சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் ஷிப்ட்டில் ஒருவன் விரல் போனதில்லை. அந்தப் பஸ்ஸர் சார்தான் வீட்டில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, ராகியின் ஒயரைப் பிடுங்கியிருக்கிறேன். பிடுங்கும்போது அது ஒயர் என்றே எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் உன் அம்மா சாமல்பட்டிக்குத் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லட்சுமக்காவின் பேத்தி சின்னி வழக்கம்போல வந்தாள். ராகி வாசலில் படுத்திருந்தாள். சின்னி பக்கத்தில் படுத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் கன்னத்தை ராகியின் தோளில் வைத்துக்கொண்டு ஏதோ பாடினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ராகியின் பின்னங்கால் தொடையில் ஒரு உண்ணி தெரிந்தது, கொழுத்துப் போயிருந்தது. பிடுங்கிப் போடலாம் என்று கையை நீட்டினேன்.

சத்தமே இல்லை கண்ணு. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. தலை திரும்பியது தெரியும், அடுத்து என் இடது கை அவள் வாயில் இருந்தது, அவ்வளவுதான். உடனே விட்டுவிட்டாள். விட்டுவிட்டு அப்படியே உடம்பைச் சுருக்கி, தலையைத் தரையில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பல் இறங்கியிருந்தது. சின்னிக்கு எதுவும் தெரியவில்லை. சத்தம் வந்தால்தானே தெரியும்? அவள் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். ராகியின் வாய்க்கும் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் நடுவில் என் உள்ளங்கை அகலம்கூட இடமில்லை. நான் கையைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு, "சின்னி, ஆயா கூப்புடுறாங்க பாரு, போ சாமி" என்றேன். அவள் போய்க் கேட்டைச் சாத்திய பிறகுதான் துண்டைப் பிரித்தேன்.

குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினேன். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். "வீட்டு நாயா, தெரு நாயா?" என்று டாக்டர் கேட்டார். தெரு நாய் என்றேன். ராகிக்கு நீ எல்லா ஊசியும் போட்டிருக்கிறாய், சொல்வதில் ஒன்றுமில்லை, இருந்தும் வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிய உன் அம்மாவிடம், வாசல் கேட்டின் தகரத்தில் கிழித்துக்கொண்டேன் என்றேன். அன்று முதல் எந்தப் பிள்ளை தெருவில் ஓடினாலும் எனக்குத் திக்கென்கிறது. கேட்டைப் பூட்டினேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். சின்னி வந்து கேட்டைத் தட்டினால் ராகிக்குக் காய்ச்சல் என்கிறேன். அந்தக் குழந்தை மறுநாள் ரஸ்க் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டி, "இத தின்னா சரியாப்பூடும் தாத்தா" என்கிறது.

நீயோ அதற்குள் தேதி வாங்கிவிட்டாய். திங்கட்கிழமை பள்ளிக்கூட ஹாலிலேயே பரிசோதனை, அது முடிந்ததும் பிள்ளைகளோடு முதல் வகுப்பு என்று சொன்னபோது நான் "சரி, சரி" என்றேன். ராகி பாஸ் ஆகிவிடுவாள், அதுதான் என் பயம். கல்லாட்டம் நிற்பாள், யாரும் குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒருநாள் அந்த வேலியோரத்துச் சிறுமி அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அந்தப் பிள்ளை கிட்ட வருவதற்கே எத்தனை மாதம் ஆயிற்று என்று நீ சொல்லியிருக்கிறாய். அவள் முகத்துக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் அம்மாவுக்கு நீ என்ன பதில் சொல்வாய்? உன்னை அந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளுமா? ராகியை உயிரோடு விடுவார்களா?

கடைசியில் மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, எத்தனை நாள், எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. பிறகு, "சார், அது அமைதி ஆகல. பேசினா அடி விழும்னு பேச்ச விட்டுடுச்சு. கோபம் உள்ளயேதான் இருக்குது. பிள்ளைங்க பக்கம் விடவே விடாதீங்க" என்றார். திரும்பச் சரியாகுமா என்று கேட்டேன். "மொதல்ல அது உறுமணும். உறுமினா உடனே கைய எடுத்துடுங்க, சந்தோஷப்படுங்க. வர்றதுக்கு நாளாகும். வந்தாலும் ஸ்கூலுக்குப் போக முடியுமான்னு நான் இப்ப சொல்ல மாட்டேன். முடியாமலே போகலாம். வீட்டு நாயா நிம்மதியா இருக்கட்டுமே" என்றார். போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் போய்க் கையைக் காட்டி உண்மையைச் சொன்னேன். "தகரத்துக்குப் பல்லு இருக்குமான்னு நானும் யோசிச்சிக்கினுதான் இருந்தேன்" என்றாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. நானாக எப்போது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன் மாமன் சாமல்பட்டியிலிருந்து போன் போட்டு, "இங்க கொண்டாந்து விட்டுடுங்க மாமா, கொட்டாயில கட்டிப் போட்டுக்கறேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். நான் முடியாது என்றேன். பேப்பரை இப்போது வாங்குவதே இல்லை. கோழிக்கறி மறுபடியும் ஆரம்பித்தாயிற்று. மேடம் சொன்னபடி, தொடுவதற்கு முன்னால் கையைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துகிறோம், அவள் உடம்பு இறுகினால் எடுத்துவிடுகிறோம், அவளாக வந்தால் தடவுகிறோம். நேற்றுக் காலை உன் அம்மா சீப்பை வைத்து அவள் முதுகை வாரிக்கொண்டிருந்தாள். பின்னங்கால் பக்கம் சீப்பு போனதும் ராகி உறுமினாள். தொண்டைக்குள், கொஞ்சமாக. உன் அம்மா சீப்பைப் போட்டுவிட்டு, "என்னங்க, இங்க வாங்க, என்னைப் பாத்து உறுமுதுங்க!" என்று கத்தினாள், யாருக்கோ பிள்ளை பிறந்த மாதிரி. நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் ராகி சத்தத்தை நிறுத்திவிட்டாள். வாயை மூடி, காதைப் பின்னால் மடித்து, என் கையைப் பார்த்தாள்.

அம்மாவிடம் உறுமுகிறாள் கண்ணு. என்னிடம் இன்னும் உறுமவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். நேற்று அவள் வாயை மூடியதைப் பார்த்ததும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. டிப்ளமோவில் மெக்கானிக்கல்தான் எடுக்க வேண்டும் என்றேன், "சரிப்பா" என்றாய். என் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டேன், "சரிப்பா". கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவாய். நல்ல பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான் என்று கூட வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் நீ பஸ் ஏற வரவில்லை. "உங்க பையன் போன வாரமே ரிசைன் பண்ணிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று டிரைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றைக்கு உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம்! முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, திடீரென்று இப்படிச் செய்துவிட்டானே என்று வீட்டில் குதித்தேன். நீ ஏன் சொல்லவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. நீ வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்த சின்ன வயதில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும்.

அப்பா என்றால் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உன் வகுப்பில் கத்துகிற பிள்ளை, தட்டை விட்டெறிகிற பிள்ளை, வேண்டாம் என்று தரையில் புரள்கிற பிள்ளை, இவர்களைப் பார்த்துப் பயப்படாதே. மூலையில் சமர்த்தாக உட்கார்ந்து சொன்னதையெல்லாம் கேட்கிற பிள்ளை ஒன்று இருக்கும். யார் வந்து பார்த்தாலும் அதைத்தான் பாராட்டுவார்கள். அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னை எதிர்த்துக் கத்தினால், அதை நான் பார்க்க உயிரோடிருந்தால், ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் நேற்று மத்தியானம் உங்கள் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, திங்கட்கிழமை ராகி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அவளுக்காக ஒரு பாயில் கலர் கலராகக் கை அச்சு வைத்திருக்கிறார்களாம். "நல்லவேளை சொன்னீங்க சார். உங்க பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். உன்னிடம் முதலில் சொன்னால் நீ இன்னும் கொஞ்சம் பழக்கலாமே என்று கேட்பாய், நான் இளகிவிடுவேன் என்று பயந்தேன். உன் வேலையை, உன் ஆசையை, உன்னைக் கேட்காமலே மறுபடியும் நானே முடிவு செய்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துத்தான் செய்தேன். செய்தது தப்பு என்று உனக்குத் தோன்றினால் அது தப்புதான்.

கேட் சத்தம் கேட்கிறது, அம்மா வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இறங்கும்போது ராகி உன் மேல் பாய்வாள், கீழே உட்கார்ந்து முகத்தை மட்டும் கொடுத்துவிடாதே, அவளே வரட்டும். அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் வா. உள்ளே இருப்பதையெல்லாம் கத்திவிடு. தெரு கேட்கட்டும், லட்சுமக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கட்டும், உன் அம்மா குறுக்கே வந்தால் நான் அவளைப் பிடித்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கத்து. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதே சாமி. எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா